எவ்வளவு போட்டால் நிற்கும்?

1

ஞாயிற்றுக்கிழமை காலை தர்ஷினியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. தர்ஷினி என் தங்கச்சி ஜெயாவின் மகள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம், ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஜெயா போய்ச் சேர்ந்து இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் ஆகிறது. திவசத்துக்கு வருகிறேனா என்று கேட்கத்தான் அனுப்பியிருப்பாள் என்று நினைத்து, கையில் தோசைக் கரண்டியோடு கேட்டேன்.

"பெரிம்மா, பயாலஜில ஒரு டவுட்டு. செல் பிரியறது ரிவிஷன் நடத்துனாங்க. கொல்கிசின் போட்டா கதிர்கோல் உருவாகாது, செல்லு பாதியிலயே நின்னுபோயிடும்னு மிஸ் சொன்னாங்க. அது எவ்ளோ போட்டா நிக்கும் பெரிம்மா? கொஞ்சூண்டு போட்டாலே நின்னுடுமா, நெறைய போட்டாத்தான் நிக்குமா? புக்குல அது இல்ல. நீங்க லேப்ல அதத்தானே பண்றீங்க, அதான் கேக்கறேன்."

தோசை கருகிவிட்டது. வேறு எந்தப் பிள்ளை கேட்டிருந்தாலும் கரண்டியை வைக்காமலே பதில் சொல்லியிருப்பேன். தினமும் நான் செய்கிற வேலை அது. ஆனால் கேட்டது தர்ஷினி. அவள் கேட்டது பாடம் இல்லை. அந்தக் கேள்விக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பதில் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். இங்கே நடப்பதை அவ்வப்போது ஊர்க்காரர்களுக்கு எழுதுவது வழக்கம். பனி, ரயில், பக்கத்து வீட்டுக்காரர் குப்பையைத் தரம் பிரிக்கிற அழகு என்று எதையாவது எழுதுவேன். இது அந்த மாதிரி இல்லை. பேரையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரிந்தவர்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். முக்கியமாக அந்தப் பிள்ளையிடம் வாயைத் திறக்காதீர்கள்.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் இதுவரை விளங்க வைத்ததில்லை. "ரத்த டெஸ்ட்டுங்களா?" என்பார்கள், ஆமாம் என்று விட்டுவிடுவேன். இந்தத் தடவை சொல்லியே ஆகவேண்டும்.

உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிவது நம்மூர் பாகப்பிரிவினை மாதிரி கிடையாது. அண்ணனுக்குக் கிணறு, தம்பிக்கு மேட்டுக்காடு என்று மண்டையை உடைத்துக்கொள்கிற பேச்சே இல்லை. முதல் வேலையாக உள்ளே இருக்கிற மரபுச் செய்தி முழுவதையும் இன்னொரு படி எடுத்துவிடும். நீள நீளமான இழைகள் அவை. படி எடுத்து முடித்ததும் சுருண்டு தடித்து, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, செல்லின் நடுவே வரிசை கட்டி நிற்கும். அப்போது இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய நார்கள் வந்து, ஆளுக்கொரு படியைப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தர்ஷினி சொன்ன கதிர்கோல் அதுதான். பிறகு நடு ஒடுங்கி ஒரு செல் இரண்டாகும். யாருக்கும் ஒரு குறை இருக்காது, இருவரிடமும் முழுச் சொத்து. குடலிலும் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்திலும் முடி வேரிலும் இது ஓயாமல் நடக்கிறது. பழசு தேயத் தேயப் புதுசு வந்துகொண்டே இருக்கவேண்டும். வராவிட்டால் ஆள் இல்லை.

எங்கள் ஆய்வகத்துக்கு ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் ரத்தம் வரும், கர்ப்பத்தில் இருக்கிற குழந்தைகளின் செல்கள் வரும். இழைகளில் எது கூடுதல், எது குறைச்சல், எது முறிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அவை நடுவே வரிசை கட்டுகிற அந்த நேரத்தில் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் கொல்கிசின் வகை மருந்தை ஒரு சொட்டு விடுவோம். நார் உருவாகாது. இழுக்க ஆள் இல்லாமல் செல் அப்படியே நிற்கும். அதைக் கண்ணாடித் துண்டில் பரப்பிப் படம் எடுப்போம்.

சொட்டு குறைந்தால் செல்கள் நழுவிப் போய்விடும். கூடினால் இழைகளெல்லாம் கட்டை கட்டையாகக் குறுகிப்போய் ஒன்றும் படிக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அளவு, அளவு என்று கத்திக்கொண்டே இருப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். கூப்பிடட்டும்.

அந்த மருந்துச் சரக்கு கண்வலிக்கிழங்குச் செடியில் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் செங்காந்தள் என்று போட்டு, மாநிலப் பூ என்று படம் போட்டிருப்பார்களே, அதேதான். விதையை மருந்துக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஜெயாவின் வூட்டுக்காரர் மாதேஷ் கம்பிப் பந்தல் போட்டு அதைத்தான் பயிர் செய்தார். பூக்கிற காலத்தில் ஜெயா காலையிலேயே காட்டுக்குப் போய்ப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பாள், அப்போதுதான் காய் பிடிக்கும். எனக்கு அங்கிருந்தே வீடியோ கால் போடுவாள்.

"ஏங்க்கா, நான் இங்க பூப்பூவாத் தொட்டு வெக்கறேன், நீ அங்க சொட்டுச் சொட்டா ஊத்தற. எங்க காட்டு வெதைதான் உன் பாட்டில்ல வருதோ என்னமோ!"

"அப்டின்னா கம்பெனிக்காரன் ஏமாந்துட்டான்டி. உன் வெதைல மண்ணுதான் பாதி இருக்கும்" என்பேன். வருஷா வருஷம் இதே பேச்சு, வருஷா வருஷம் இதே சிரிப்பு.

3

போன பங்குனியில் விதை பறித்து முடித்து, கிழங்கையும் தோண்டி, வாசலில் நிழலுக்கு உலரப் போட்டிருந்தார்கள். அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கு அது. மத்தியானம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. மாதேஷ் தார்ப்பாய் வாங்க பொம்மிடிக்குப் போயிருந்தார். ஜெயாவும் பிள்ளைகளுமாக அள்ளி அள்ளிச் சமையற்கட்டு மூலையில் கொட்டினார்கள். வூட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

அதே மூலையில் ஒரு கூடையில் மலைக்கிழங்கு இருந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கிவருகிற அம்மா ஒருத்தர் பஸ் ஸ்டாண்டில் வைத்து விற்கிற காட்டுவள்ளி. எங்கள் ஜெயாவுக்கு அது உயிர்.

கண்வலிக்கிழங்கு முழுசாக இருந்தால் கலப்பை மாதிரி கவையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும், தொட்டால் கை கழுவச் சொல்லுவார்கள். ஆனால் தோண்டும்போது நிறையக் கிழங்கு கவையில் உடைந்துபோகும். உடைந்த துண்டு மண்ணோடு நேராகக் கிடந்தால் அதுவும் வள்ளிக்கிழங்கு மாதிரிதான். அவசரத்தில் கொட்டியதில் சில துண்டு கூடையில் விழுந்திருக்கிறது. மழையில் கரண்டும் போய்விட்டது. அரை இருட்டில் கூடையிலிருந்து எடுத்துக் கழுவி, உப்புப் போட்டு வேகவைத்துவிட்டாள்.

வாயில் வைத்தால் கசக்குமே, துப்பியிருக்கலாமே என்று போலீஸ்காரர் கேட்டார், ஊரே கேட்டது. கசந்துதான் இருக்கிறது. பிள்ளைகளும் சொல்லியிருக்கின்றன. "மலைக்கெழங்கு அப்டித்தான் கசக்கும், வெல்லத்தைத் தொட்டுக்கிட்டுத் தின்னுங்க" என்றிருக்கிறாள். உண்மையில் அந்தக் காட்டுவள்ளியும் கசக்கும். கசப்பைப் பழகிய நாக்கு அவளுக்கு எச்சரிக்கை சொல்லவில்லை. பாக்கெட் சிப்ஸில் வளர்ந்த நாக்கு அவள் பிள்ளைகளைக் காப்பாற்றியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஊர்த்தீனியே தின்பதில்லை என்று நானும் உங்களுக்கெல்லாம் புலம்பி எழுதியிருக்கிறேன். இனி எழுதமாட்டேன்.

4

ராத்திரி ஜெயாவுக்கு வாந்தி பிடித்தது. திரும்பி வந்த மாதேஷ் குண்டானில் கிடந்த தோலைப் பார்த்தார், உடனே வண்டிக்கு ஆள் அனுப்பினார். தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஜெயா கண்வலியத் தின்னுடுச்சுங்க. வவுத்தக் கழுவிட்டாங்க. நீங்க அந்த மருந்துலதான வேல செய்யறீங்க, மாத்து மருந்து எதுனா இருக்குதுங்களா?"

இல்லை. முறிவு மருந்து என்று ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. அதை எப்படிச் சொல்வது? "டாக்டர் சொல்ற மாதிரி கேளுங்க மாப்ளே" என்று மட்டும் சொன்னேன்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புது அட்டை அச்சில் இருந்தது. கையில் அட்டை இல்லாமல் போனால் திரும்பி உள்ளே வர விடமாட்டார்கள். வெளிநாட்டார் அலுவலகத்தில் தற்காலிகத் தாள் ஒன்று கொடுப்பார்கள், அதற்கு ஆன்லைனில் நேரம் வாங்கவேண்டும், ஆன்லைனில் நேரமே இல்லை. நேரில் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா நல்லவர்தான், குரலை உயர்த்தக்கூட இல்லை.

"சாகிற நிலையில் இருப்பவர் உங்களுக்கு யார்?"

"தங்கச்சி."

"கணவர், பிள்ளைகள், பெற்றோர் என்றால் அவசரப் பிரிவுக்கு அனுப்பலாம்."

ஆத்திரத்தில் எனக்கு ஜெர்மன் கலைந்துபோயிற்று. அவளை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன், அவள் பிள்ளைகள் என்னைப் பெரிய அம்மா என்றுதான் கூப்பிடுகின்றன என்று ஏதேதோ உளறினேன். அந்த அம்மா குழம்பிப்போய், "அப்படியென்றால் குழந்தைகளுக்குத் தாய் நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தாள் கிடைத்திருக்கும். வாய் வரவில்லை. அப்புறம் வாருங்கள் என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஜெயாவே வீடியோ கால் போட்டாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னிய ஜடை முன்னால் கிடந்தது. முகம் தெளிந்திருந்தது.

"அக்கா, வாந்தி நின்னுபோச்சு. நல்லாயிட்டன். இட்லி கேட்டன், கஞ்சியக் குடுத்துட்டாங்க பாவிங்க."

"பேசாம படுடி."

"புள்ளைங்க திங்கலக்கா, அதான் பெரிய விசயம். சின்னவன் துப்பிட்டு ஓடிட்டான். தர்ஷி அவ பங்கப் பூராவும் என் தட்டுல வெச்சுட்டு டியூசனுக்குப் போயிட்டா. வீணாப்போவுதேன்னு அதையும் நானே தின்னன். அவ தின்னுருந்தா என்னாயிருக்கும், நெனச்சுப் பாரு!" என்று சிரித்தாள். அடுத்து, "எப்பக்கா வர?" என்றாள்.

அந்தத் தெளிவைப் பார்த்துவிட்டுக் கூட வந்த சொந்தக்காரர்கள், போலீஸ் கேஸ் என்று இழுத்துக்கொள்வார்கள், வூட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் கூடாது என்றிருக்கிறார். மாதேஷுக்கு இரண்டு மனசு. நான் போனில் கத்தினேன். பின்னால் இருந்த என் மகள் இனியா பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாப்ளே, அவ இன்னும் பொழைக்கலைங்க. உள்ளுக்குள்ள புதுசா ஒண்ணுமே உருவாகாம நின்னு கெடக்குது. பழைய சரக்கு தீர்ற வரைக்கும்தான் இந்தத் தெம்பு. உங்க கால்ல வேணா விழறன், கூட்டிட்டுப் போயிடாதீங்க."

கூட்டிப் போகவில்லை. என் பேச்சைக் கேட்டார்கள். கேட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாளே மூத்திரம் குறைந்தது. ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. ஊசி போட்ட இடத்திலெல்லாம் கன்றிப்போனது. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள்.

இந்த விஷத்தில் தப்பிக்கிறவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாளில் தலைமுடி கொத்தாகக் கொட்டும் என்று படித்திருந்தேன். முடி கொட்டுகிற வரைக்கும் ஆள் தாங்கிவிட்டால் நம்பிக்கை வைக்கலாம். தினமும் மாதேஷிடம் முதல் கேள்வியாக, "முடி கொட்டுதா?" என்றுதான் கேட்பேன். அவர் கடைசியில் அழுதுவிட்டார். "என்னங்கக்கா, இப்டிக் கேக்கறீங்க? முடிக்கு ஒண்ணும் ஆவலைங்க, அப்டியேதான் இருக்குது" என்றார்.

அப்படியேதான் போனாள், முழு ஜடையோடு. அதன் பிறகு தற்காலிகத் தாளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

5

"அந்த வூட்டு மருமவளுக்கா கண்வலி தெரியாது?" காரியத்துக்கு வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றார்கள், மாமியார் கொடுமை என்றார்கள். அந்த வூட்டில் மாமியாரே கிடையாது. விசாரித்து, தவறுதலாக நேர்ந்தது என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. ஊர் இன்னும் முடிக்கவில்லை. மாதேஷ் பந்தல் கம்பியெல்லாம் இருக்க, கண்வலியை மட்டும் பிடுங்கிவிட்டுப் பாகற்கொடி ஏற்றியிருக்கிறார்.

நான் திரும்பி வந்ததும் வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது? முதல் நாள் அந்தச் சின்ன பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். இரண்டாம் நாள் அழவில்லை. இனியா ஒரு வாரம் அமைதியாக இருந்தாள், பிறகு சாப்பாட்டு மேஜையில், "ஜெயா சித்தி எந்தச் சித்தி? பூ காட்டுவாங்களே, அவங்களா?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது. ஊருக்கு அவளை இரண்டு தடவைதான் கூட்டிப் போயிருக்கிறேன்.

என்னைக் கவலைப்பட வைத்தது தர்ஷினிதான். சில மாதங்களாக மாதேஷ் போனில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "தர்ஷி சோறு திங்கறதே ஒரு மாதிரியா இருக்குதுங்கக்கா. தட்டுல ஒரு பருக்க மிச்சம் வெக்க மாட்டேங்குது. வவுறு முட்டிப் போனாலும் தின்னுட்டுப் போய் வாந்தி எடுக்குது. தம்பி ஒரு துண்டு அப்பளம் கேட்டா அழுவுது, தரமாட்டேங்குது. முன்ன எல்லாம் அதுக்குப் புடிக்காதது அத்தனையும் அவங்கம்மா தட்டுக்குத்தான் போவும்." ஆள் குச்சியாகிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒழுங்காகப் போகிறாள் என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் செய்தி வந்தபிறகுதான் உறைத்தது.

6

மூன்று நாள் பதில் சொல்லவில்லை. உண்மை எனக்குத் தெரியும். இந்தச் சரக்கில் எல்லாமே அளவுதான். கொஞ்சம் தின்றவர்கள் அவதிப்பட்டு எழுந்துவிடுகிறார்கள், அதற்கு மேலே போனவர்கள் எழுவதில்லை. ஜெயா தன் பங்கோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாளா? இருக்கலாம். முடி கொட்டி, மொட்டைத் தலையோடு உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கலாம். யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அளவுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் என் மாதிரி ஒருத்தி சொல்லவே முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் தர்ஷினியே கூப்பிட்டாள். அங்கே இருட்டியிருந்தது. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கண் மட்டும் ஜெயாவின் கண்.

"பெரிம்மா, டவுட்டுக்கு நீங்க பதிலே போடல."

"வேலைடி கண்ணு."

"மிஸ்ஸு கண்வலிக்கெழங்குன்னு சொன்னதும் கிளாஸே என்னத் திரும்பிப் பாத்துச்சு பெரிம்மா." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் பாடத்துக்காகக் கேக்கல. அன்னைக்கு என் பங்க நான் அம்மா தட்டுல வெச்சுட்டுப் போயிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அத அம்மா தின்னுச்சான்னுகூட எனக்குத் தெரியல. தின்னிருந்தா... அது இல்லாட்டி அம்மா பொழைச்சிருக்குமா பெரிம்மா? நீங்கதான் கரெக்ட்டாச் சொல்லுவீங்க."

பன்னிரண்டு வருஷம் இந்த நாட்டில் அளவு சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். வாயைத் திறந்தேன்.

"தர்ஷி, கேளு. இதுல அளவுன்னு ஒண்ணும் கிடையாதுடி சாமி. ஒரே ஒரு வாய் போதும். உங்கம்மா அவ பங்குல முதல் வாய் தின்னப்பவே எல்லாம் நின்னுபோச்சு. அதுக்கு மேல ஒரு குண்டான் தின்னாலும் ஒண்ணுதான், திங்காட்டியும் ஒண்ணுதான். நீ வெச்சது கணக்குலயே வராது."

"லேப்ல அப்டித்தானா?"

"லேப்ல அப்டித்தான். ஒரு சொட்டு விட்டா நிக்கும், ஒம்போது சொட்டு விட்டாலும் அதே மாதிரிதான் நிக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். படித்த பிள்ளை, சும்மா விடுமா? பேச்சில் நம்பிக்கை வராதபோது எங்கள் பக்கத்தில் எதைக் கேட்பார்களோ அதைக் கேட்டாள்.

"இனியா மேல சத்தியமா?"

பெற்ற பிள்ளையின் மேல் பொய்ச்சத்தியம் பண்ணினால் அது அந்தப் பிள்ளையைத்தான் பிடிக்கும். ஜெர்மனியில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இனியாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இனியா மேல சத்தியமா" என்றேன்.

தர்ஷினி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். உள்ளேயிருந்து அவள் தம்பி, "அக்கா, சோறு" என்று கூப்பிட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெக்கறேன் பெரிம்மா" என்று போனை வைத்தாள்.

நான் எழுந்து இனியாவின் அறைக்குப் போனேன். காதில் ஹெட்போனோடு கட்டிலில் படுத்திருந்தாள். உச்சந்தலையில் கையை வைத்தேன். முடியைக் கோதி, லேசாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் கையோடு வரவில்லை. அவள் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, என்னம்மா வேணும் என்று ஜெர்மனில் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று தமிழில் சொன்னேன். கையை எடுக்கவில்லை.